பேரை மட்டும்தான் மாத்தினனான்

யாராவது "நிச்சயமாகத்தானா?" என்று கேட்டால் உடனே "ஓம்" என்று சொல்லிவிடுகிற ஆள் நான். தயங்கினால் அடுத்த கேள்வி வரும் என்ற பயம். யுத்த காலத்தில் யாழ்ப்பாணத்தை விட்டுக் குடும்பத்தோடு சிலாபத்துக்குப் பக்கத்து மீன்பிடிக் கிராமமான உடப்பில் வந்து குடியேறும் வரை, வழியில் கேட்கப்பட்ட அத்தனை கேள்விகளுக்கும் அப்படிச் சொல்லித்தான் தப்பியிருந்தேன். அந்தப் பழக்கம் ஒரு கொம்பியூட்டரின் முன்னால் என்னைக் கவிழ்க்கும் என்று எதிர்பார்க்கவில்லை.

பள்ளிக்கூடத்தில் நான் கணக்கு வாத்தியார். பள்ளிக்கு வந்த ஒரே கொம்பியூட்டரின் அறையைப் பூட்டித் திறக்கும் திறப்பை அதிபர் என்னிடம் தந்திருந்தார். (எனக்கு அதைப் பற்றித் தெரியும் என்பதற்காக அல்ல, நான் அதைத் தொடமாட்டேன் என்ற நம்பிக்கையில்.) செருப்பை வாசலில் கழற்றிவிட்டுப் போய், மூடியிருக்கும் துணியை விலக்கி, சற்று நேரம் பார்த்துவிட்டு மறுபடி மூடுவேன். கோயிலுக்குப் போய் வந்ததுபோல் இருக்கும்.

என் மகள் சுகந்தி உயர்தரப் பரீட்சை முடித்துவிட்டு, வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் புலமைப்பரிசிலுக்கு விண்ணப்பித்தாள். மின்னஞ்சலில் அனுப்ப வேண்டும். கடைசி நாள், பிற்பகல் நான்கு மணிக்குள். கூடவே அவளுடைய படம் ஜேபெக் வடிவத்தில் போக வேண்டும். ஸ்டூடியோக்காரரோ படத்தை ஸ்கேன் செய்து, கடிதம் அடிக்கிற வேர்ட் கோப்பு ஒன்றுக்குள் ஒட்டி, பிளொப்பியில் போட்டுத் தந்திருந்தார்.

"சிலாபத்தில இன்டர்நெட் கடைக்குப் போய் நானே மாத்திறன் அப்பா. நீங்கள் ஒண்டும் செய்யாதேங்கோ" என்றாள்.

ஒன்றும் செய்யாமல் இருப்பது எனக்கு வராத கலை. கடைசி நாள் காலையிலேயே பிளொப்பியோடு, செருப்பைக் கழற்றிவிட்டு அந்த அறைக்குள் போனேன். கோப்பின் பெயர் 'டொக்' என்று முடிந்தது. அவர்கள் கேட்ட ஜேபெக்கோ 'ஜேபிஜி' என்று முடியுமாம். மூன்று எழுத்தை அழித்து மூன்று எழுத்தை அடித்தேன். பெயரின் வாலை மாற்றினால் கோப்பு பயன்படாமல் போகலாம், நிச்சயமாகத்தானா என்று கொம்பியூட்டர் ஆங்கிலத்தில் கேட்டது. (என்ன மரியாதை!) ஓம் என்று அழுத்தினேன். உடனே கோப்பின் சின்னமே படச் சின்னமாக மாறிவிட்டது. இதற்குப் போய் ஒரு கடையா என்று நினைத்துக்கொண்டு, மகளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று யாரிடமும் சொல்லவில்லை.

காந்தம் பட்டால் பிளொப்பி அழிந்துவிடும் என்று எங்கோ கேள்விப்பட்டிருந்தேன். ஆகவே அதைப் பத்திரிகைத் தாளில் சுற்றி, பொலித்தீனில் சுற்றி, பால்மாத் தகரப் பேணிக்குள் வைத்து, வலை நூலால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டினேன். சோதனைச் சாவடியில் பிடிபடுவதற்கென்றே யாராவது ஒரு சாமான் செய்தாலும் இவ்வளவு பொருத்தமாக வந்திராது.

நானும் சுகந்தியும் சிலாபம் போகிற வழியில், சாவடியில் பஸ்ஸை நிறுத்தி எல்லோரையும் இறக்கினார்கள். பேணியைக் கண்ட சிப்பாய் இதென்ன என்று கேட்டார். எனக்குத் தெரிந்த சிங்களத்தில் பாதியைச் செலவழித்து, "துவகே போட்டோ" என்றேன். மகளின் படமாம், நூலால் வரிந்து கட்டிய பேணிக்குள். பக்கத்தில் நின்றவர்கள் மெல்ல விலகினார்கள்.

கட்டை அவிழ்த்து, பிளொப்பியை எடுத்து, எங்களை அதிகாரியின் அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே ஒரு கொம்பியூட்டர் இருந்தது. அதிகாரி திறந்து பார்த்தார். படம் வரவில்லை. மறுபடியும் பார்த்தார். வரவில்லை. பேணியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். வெளியே எங்கள் பஸ் புறப்பட்டுப் போகிற சத்தம் கேட்டது. மணி இரண்டு தாண்டியிருந்தது. என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"அப்பா, ஏதும் செய்தனீங்களோ?" என்று சுகந்தி மெல்லக் கேட்டாள்.

"பேரை மட்டும்தான் மாத்தினனான், பிள்ளை."

"பேரை மாத்தினாப்போல உள்ளுக்கிருக்கிறது மாறுமோ அப்பா?"

பிறகு அதிகாரியிடம் திரும்பிச் சிங்களத்தில் பேசினாள். சிலாபம் சந்தையில் மீனுக்கு விலை பேசுகிற அதே நிதானம். என்ன சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. ஆனால் அறையில் இருந்த எல்லோரும் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆகவே உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும்.

அனுமதி கேட்டு, கதிரையில் அமர்ந்து, பழைய வாலை ஒட்டிக் கோப்பைத் திறந்தாள். திரையில் அவளுடைய முகம் வந்தது. அதிகாரி முகத்தோடு முகத்தை ஒப்பிட்டுப் பார்த்துத் தலையாட்டினார். நான் வெறும் பேணியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு விரைந்தேன். திரும்பிப் பார்த்தால் மகள் எழும்பவில்லை.

இன்னும் இரண்டு நிமிடம் தரமுடியுமா என்று அதிகாரியைக் கேட்டுக்கொண்டிருந்தாள்! வேர்ட்டிலிருந்து படத்தைப் பிரதியெடுத்து, படம் வரைகிற பெயின்டில் ஒட்டி, ஜேபெக்காகச் சேமித்தாள். சோதனைச் சாவடியில், அவர்களுடைய கதிரையில், அவர்களுடைய கொம்பியூட்டரில். நான் பேணியை அணைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அதிகாரியோ கதிரையை நெருக்கிப் போட்டுக்கொண்டு, இன்னொரு முறை செய்துகாட்டச் சொன்னார். அவருடைய குழந்தையின் படமும் இப்படித்தான் ஒரு கடிதக் கோப்புக்குள் அடைபட்டுக் கிடந்ததாம். அதையும் விடுவித்துக் கொடுத்தாள். அடுத்த பஸ்ஸை அவரே மறித்து எங்களை ஏற்றிவிட்டார். நாலு மணிக்கு இருபது நிமிடம் இருக்கையில் சிலாபத்துக் கடையிலிருந்து விண்ணப்பம் போய்ச் சேர்ந்தது.

புலமைப்பரிசில் கிடைத்தது. அந்தப் பேணியில் மனைவி இப்போது மிளகாய்த்தூள் போட்டு வைத்திருக்கிறாள். அதைக் கண்டால் இன்றைக்கும் என் முதுகு வியர்க்கும்.

சில வருடங்கள் கழித்து மகளுடைய பட்டமளிப்புக்குப் போக விசாவுக்குப் படம் தேவைப்பட்டது. நரைக்குக் கறுப்பு மை பூசிக்கொண்டு படம் எடுத்து, கோப்பில் ஓர் எழுத்தையும் தொடாமல் அவளுக்கு அனுப்பினேன். வந்த பதிலை மனைவி வீடு முழுக்கக் கேட்க வாசித்தாள்:

"ஜேபெக் சரி அப்பா. தலையில மட்டும் திரும்பவும் பேரை மாத்தியிருக்கிறீங்கள்."