தூங்கி முடிவெடுத்த தொட்டி

"எங்களுக்குச் சம்மதம்" என்று மனேபாவில் உட்கார்ந்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்னபோது பெத்தேரோ பதறிப்போய்க் கையிலிருந்த இளநீரைக் கீழே வைத்துவிட்டார்.

தலைநகர் தாராவாவிலிருந்து காலை விமானத்தில் வந்து இறங்கியவர். மனேபா என்னும் ஊர்ப் பொதுமண்டபத்தின் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, கொடுத்த இளநீரில் இரண்டு வாய்தான் குடித்திருந்தார். அதற்குள் சம்மதமாம். நீர் வாரியத்தின் ஐந்தாண்டுத் திட்டத்தை மக்களோடு கலந்து பேசித் தயாரிப்பதற்காக அவருக்கு மூன்று நாள் ஒதுக்கியிருந்தார்கள். பெட்டி நிறைய வண்ணத்தாள்கள், தடித்தடியான பேனாக்கள், சுவரில் ஒட்டும் அட்டைகள் எல்லாம் கொண்டுவந்திருந்தார். மனேபாவுக்குச் சுவரே கிடையாது என்பது வேறு விஷயம்.

"இதுல பேச என்ன இருக்கு மாப்ளே," என்றார் வடகரைப் பெரியவர் தெபானோ. பெத்தேரோவின் மனைவி ரோசியா பிறந்த தீவு இது. அதனால் ஊருக்கே அவர் மாப்பிள்ளை. "மழைத்தண்ணிக்குத் தொட்டி வேணும். நாங்க எல்லாரும் பேசி வச்சாச்சு. வைக்கிற இடம்..."

"ஐயையோ, இடத்தைச் சொல்லிடாதீங்க பெரியவரே! இடம் கடைசி நாளைக்கு. இன்னைக்கு 'நம் கனவு என்ன' மட்டுந்தான்."

தெபானோ திறந்த வாயை அப்படியே மூடிக்கொண்டார். விருந்தாளியின் பேச்சுக்குக் குறுக்கே பேசும் பழக்கம் அந்தத் தீவில் இல்லை. விருந்தாளி உளறினாலும் இல்லை.

பெத்தேரோவின் பயம் நியாயமானது. இதற்கு முன் வேறொரு தீவுக்குப் போன அதிகாரி அரை நாளில் சம்மதம் வாங்கிக்கொண்டு திரும்பியபோது, மேலதிகாரி மேசையைத் தட்டினார். "இதுக்குப் பேரு கலந்தாலோசனையா? மாற்றுக் கருத்து எங்கே? விவாதம் எங்கே?" அந்தத் தீவின் தொட்டி வேறு தீவுக்குப் போய்விட்டது. இங்கேயும் அப்படி ஆகிவிட்டால்? மழை பெய்து வெகு நாளாயிற்று. கிணற்றுத் தண்ணீர் உப்பேறி, தேநீரே கரித்தது. பிள்ளைகளுக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. ரோசியா வழியனுப்பும்போது தெளிவாகச் சொல்லியிருந்தாள்: "தொட்டி இல்லாம திரும்பி வந்தீங்கன்னா, நேரா உங்கம்மா வீட்டுக்குப் போயிடுங்க."

பெத்தேரோ வண்ணத்தாள்களை விநியோகித்தார். "ஆளுக்கொரு எதிர்க்கருத்து எழுதுங்க."

சேகரித்துப் பார்த்தால் எல்லாத் தாளிலும் 'நல்லது' என்று எழுதியிருந்தது. ஒருவர் மட்டும் 'மிகவும் நல்லது' என்று எழுதியிருந்தார்.

வேறு வழி தெரியாமல்தான் அந்த வார்த்தையை எடுத்தார். அந்தத் தீவுகளில் புபுசி என்று ஒன்று உண்டு. உறவுக்காரன் புபுசி என்று கேட்டுவிட்டால் இல்லை என்று சொல்லக்கூடாது. சட்டையைக் கேட்டால் சட்டை, படகைக் கேட்டால் படகு. கொடுத்துவிட்டு அப்புறம் வீட்டில் போய் அழுதுகொள்ளலாம்.

"பெரியவங்க எல்லாருக்கும் மாப்பிள்ளையோட ஒரு புபுசி," என்று கைகூப்பினார் பெத்தேரோ. "எனக்காகக் கொஞ்சம் ஒத்துக்காம இருங்க."

கூரையின் தாழை ஓலைக்குள் காற்று சரசரத்தது. வெளியே கடல் நீலமாக, வேலையற்றவனைப் போல, கரையைத் தொட்டுவிட்டுத் தொட்டுவிட்டுத் திரும்பிக்கொண்டிருந்தது. தெபானோ தென்கரைப் பெரியவர் உரியாமைப் பார்த்தார். உரியாம் தெபானோவைப் பார்த்தார். இருவரும் காலையில் ஒரே தோணியில் மீன்பிடித்துவிட்டு வந்தவர்கள்.

உரியாம் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தொட்டி தென்கரையில ஆஸ்பத்திரிக் கூரைக்குக் கீழதான் வரணும். வடகரைக்காரன் தண்ணியைக் குடிக்க மாட்டான், அதுல படகு கழுவுவான்!"

"யாருடா படகு கழுவுறவன்?" என்று தெபானோ தொடையைத் தட்டினார். "தொட்டி எங்க கோயில் கூரைக்குக் கீழ. உன் ஆஸ்பத்திரிக் கூரையில பறவை எச்சம்தான் இருக்கு. அதைக் குடிச்சுத்தான் உன் புத்தி இப்படிப் போச்சு!"

பெத்தேரோவுக்குப் புல்லரித்தது. பரபரவென்று அட்டைகளில் எழுதித் தள்ளினார். மாற்றுக் கருத்து! விவாதம்! மேலதிகாரி பார்த்தால் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

சாப்பாட்டு நேரத்தில் இரு பெரியவர்களும் தூணுக்குப் பின்னால் ஒரே புகையிலையைச் சுருட்டிப் பகிர்ந்துகொள்வதைப் பார்த்தார். எதிரிகளுக்குள்ளும் எவ்வளவு பண்பு என்று நெகிழ்ந்துபோனார்.

ஆனால் மறுநாள் சண்டை நிற்கவில்லை. போன தலைமுறைப் பன்றி வந்தது. திருப்பித் தராத தூண்டில் வந்தது. பெண்கள் பக்கத்திலிருந்து யாரோ ஒருத்தி, உரியாமின் அத்தை கல்யாணத்தன்று நடனத்தில் தப்பாகக் கை தூக்கியதைக்கூட இழுத்தாள். பெத்தேரோ கலந்து உட்காரச் சொன்னார். மனேபாவில் அவரவர் குடும்பத்துக்கென்று முன்னோர் காலத்து இடம் உண்டு. அதைவிட்டு ஓர் அங்குலம் நகர மாட்டார்கள். ஆகவே வடகரையும் தென்கரையும் மண்டபத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குக் கத்திக்கொண்டன.

"பெரியவங்களே, இப்ப கொஞ்சம் ஒத்துப்போகலாமே," என்றார் பெத்தேரோ.

"அதெப்படி மாப்ளே?" என்றார் தெபானோ, மிகுந்த வருத்தத்தோடு. "புபுசின்னா புபுசி. வாக்குன்னா வாக்கு."

கடைசி நாளும் வந்தது. அடுத்த நாள் காலையில் விமானம். பெத்தேரோ பயிற்சியில் படித்த கடைசி அஸ்திரத்தை எடுத்தார். மதியச் சாப்பாடு முடிந்திருந்தது. சுட்ட மீன், தேங்காய்ப்பாலில் வெந்த கிழங்கு.

"எல்லாரும் கண்ணை மூடுங்க. இருபது வருஷம் கழிச்சு இந்தத் தீவுல தண்ணி எப்படி இருக்கும்? மனசுல பாருங்க. பார்த்ததைச் சொல்லுங்க."

"கண்ணை மூடணும்னா படுத்தாத்தானே சரியா வரும்?" என்றாள் தபீத்தா. ரோசியாவின் பெரியம்மா மகள். விருந்தாளிக்குப் பாயும் தலையணையும் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவளுடையது. ஓடிப்போய்ப் பூப்போட்ட தலையணைகளை அள்ளிக்கொண்டு வந்தாள். ஒவ்வொருவர் கழுத்திலும் மரியாதைக்கு வாசனைப் பவுடரைத் தூவினாள். வெயில் கூரைக்கு வெளியே நின்றுவிட, உள்ளே பச்சை நிழல் மட்டும் இருந்தது. பவுடர் மணமும் கடல் மணமும் கலந்து வந்தன. யாரோ மெல்லப் பாடத் தொடங்கி, பாட்டின் நடுவிலேயே விட்டுவிட்டார்கள்.

சற்று நேரத்தில் நீர் வாரியத்தின் ஐந்தாண்டுத் திட்டம் குறட்டை விட்டது.

முதலில் எழுந்தவர் தெபானோ. அவர் கண் இன்னும் பாதி எங்கோ இருந்தது. "என் பெண்டாட்டி வந்தா மாப்ளே. செத்து எத்தனையோ காலமாச்சு. கோயிலுக்குப் பக்கத்துல உக்காந்து, ஒரு வாளி நல்ல தண்ணியை அப்படியே தலையில ஊத்தித் தலைமுடியை அலசினா. ஒரு வாளி முழுசா! மிச்சம் வைக்கவே இல்ல. சிரிச்சுக்கிட்டே இருந்தா."

பெத்தேரோ பேனாவைத் திறந்தார். அட்டையில் என்ன எழுதுவதென்று தெரியாமல் 'தலைமுடி' என்று எழுதினார்.

"பார்த்தீங்களா, கோயிலுக்குப் பக்கத்துல!" என்று வடகரை ஆர்ப்பரித்தது.

"நாங்க இன்னும் சரியாத் தூங்கவே இல்ல," என்றார் உரியாம். "எங்க கனவு நடுவழியில நிக்குது. இன்னொரு தூக்கம் வேணும்."

தென்கரை மொத்தமும் திரும்பப் படுத்தது. எழுந்து, ஆஸ்பத்திரி வாசலில் திமிங்கிலம் ஒன்று மூச்சு விட்டதாகவும், அது விட்டதெல்லாம் நன்னீர் என்றும் சொன்னது. வடகரைக்கு அது பொறுக்குமா? அவர்களும் படுத்தார்கள். சமையல்கட்டில் இருந்தவர்களையும் கூப்பிட்டுப் படுக்கவைத்தார்கள், பலம் சேர்க்க. தலையணை போதாமல் தேங்காய் நார் மூட்டைகள் வந்தன. ஒருவர் கனவில் மழை பெய்தால் மற்றவர் கனவில் அதைவிடப் பெரிய மழை. பொழுது சாய்ந்துகொண்டே போனது. மண்டபம் முழுக்க ஆட்கள் கரையில் இழுத்துப் போட்ட தோணிகள் போலக் கிடந்தார்கள். பெத்தேரோ மட்டும் பேனாவும் கையுமாக அவர்களுக்கு நடுவில் நடந்தார். தொட்டி கைநழுவிப் போவது அவருக்குக் கண்ணெதிரே தெரிந்தது. அழுகையே வந்துவிட்டது.

"தம்பி," என்றாள் தபீத்தா, அவர் சட்டையை இழுத்து. "ரெண்டு கரையிலயும் சேராத ஆளு நீங்க ஒருத்தர்தான். நீங்க தூங்கிப் பாருங்களேன்."

"நானா? மதினி, நான் அரசாங்க அதிகாரி."

"அரசாங்கம் தூங்காதா என்ன?"

இரு கரையும் எழுந்து உட்கார்ந்து, அதுதான் சரி என்றது. சண்டை தொடங்கிய பிறகு அவர்கள் ஒத்துப்போனது அதில் ஒன்றில்தான்.

ஊரே சுற்றி உட்கார்ந்து பார்க்கும்போது எவனுக்குத் தூக்கம் வரும்? பெத்தேரோ கண்ணை இறுக்கி மூடிக்கொண்டார். அந்தப் பக்கம் யாரோ பாடினார்கள். தோணி தாலாட்டும் பாட்டு. தபீத்தா தாழை விசிறியால் வீசினாள். பவுடர் மணம் நெருங்கி வந்தது. பிறகு கடல் மெல்ல மண்டபத்துக்குள் ஏறி வந்து, பாயை அப்படியே தூக்கி மிதக்கவிட்டது.

ஒரு மேகம் வந்து அவர் பக்கத்தில் சம்மணம் போட்டு உட்கார்ந்தது. குண்டு மேகம். தேங்காயெண்ணெய் வாசம் அடித்தது. "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால," என்றது காதோரமாக. பெத்தேரோவுக்கு அந்தக் குளிர்ச்சி சுகமாக இருந்தது. புரண்டு படுத்தார். மேகமும் சுற்றி வந்து உட்கார்ந்தது. "பள்ளிக்கூடத்துக்குப் பின்னால, ரெண்டு சீமைப்பலா மரத்துக்கு நடுவுல." அவர் திரும்பவும் புரண்டார். மேகம் பெருமூச்சு விட்டது. "பள்ளிக்கூடம். சீமைப்பலா. நடுவுல. புரியுதா இல்லையா?" என்று கொஞ்சம் அதட்டியது. புரிகிறது என்று தலையாட்டினார். உடனே மழை பெய்தது. பள்ளிக்கூடத்துத் தகரக் கூரையில் தடதடவென்று இறங்கி, மரங்களுக்கு நடுவில் ஒரு பெரிய தொட்டியில் விழுந்தது. பிள்ளைகள் இரு கையாலும் அள்ளிக் குடித்தார்கள். ரோசியா வாசலைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாள்.

கண்ணீரோடு எழுந்து உட்கார்ந்தார் பெத்தேரோ.

"பள்ளிக்கூடத்துக்குப் பின்னால! ரெண்டு சீமைப்பலா மரத்துக்கு நடுவுல! மேகமே வந்து சொல்லிச்சு!"

"ஆகா!" என்றார் தெபானோ.

"அடடா!" என்றார் உரியாம். "வடகரைக்கும் தென்கரைக்கும் சரி நடுவுல இருக்குற இடமாச்சே! எங்க யாருக்கும் தோணாம போச்சே!"

"மாப்பிள்ளை வாயால வந்துட்டா அப்புறம் மறுபேச்சு ஏது?"

எல்லோரும் கை தட்டினார்கள். பெரியவர்கள் அட்டையில் கையெழுத்துப் போட்டார்கள். அன்று சாயங்காலம் நடனம் நடந்தது. பெத்தேரோவையும் இழுத்து ஆடவிட்டார்கள். அவரும் தப்பாகவே கை தூக்கினார். கனவை நம்பாதவராகத்தான் அவர் வந்திறங்கினார். இப்போது யாராவது கனவைப் பழித்திருந்தால் அடித்திருப்பார். இந்த மண்ணே தன்னிடம் பேசிவிட்டது என்று அவருக்குச் சந்தேகமேயில்லை. வாழ்நாளில் இவ்வளவு சந்தோஷமாக அவர் இருந்ததில்லை.

காலையில் விமானத் திடலுக்கு நடக்கும்போது, பெட்டியைத் தூக்கிக்கொண்டு தபீத்தா கூட வந்தாள். பள்ளிக்கூடம் வழியில்தான் இருந்தது.

"மதினி, ஒரு நிமிஷம். மேகம் காட்டின இடத்தைக் கண்ணால பார்த்துட்டு வந்துடறேன்."

பின்பக்கம் போனார். இரண்டு சீமைப்பலா மரங்கள். நடுவில், தொட்டி உட்காரும் அளவுக்கு, ஆளுயரத்தில் வெட்டிய பெரிய பள்ளம். ஓரத்தில் பவளக்கல் ஒழுங்காக அடுக்கியிருந்தது. அடுக்கிய கல்லில் புல் முளைத்திருந்தது. உள்ளே நண்டு ஒன்று குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது.

"நேத்து சாயங்காலந்தானே சொன்னேன்," என்றார் பெத்தேரோ, குரல் இறங்க. "அதுக்குள்ள இவ்வளவு ஆழமா?"

தபீத்தா பெட்டியைக் கீழே வைத்துவிட்டு இடுப்பில் கை வைத்துக்கொண்டாள்.

"இது நீங்க வர்றதுக்கு ரொம்ப முன்னாடியே ரெண்டு கரையும் சேர்ந்து வெட்டின குழி தம்பி. சண்டை போடச் சொல்லிப் புபுசி கேட்டீங்க, நிறுத்தச் சொல்லி இன்னொரு புபுசி கேக்க மறந்துட்டீங்க, அதான் நான் உங்க தலகாணிப் பக்கத்துல உக்காந்து காதுல ஓத வேண்டியதாப் போச்சு. அதுக்கும் ரெண்டு தடவ புரண்டு படுத்துட்டீங்க!"