ரசாக் பாயின் புது டிஸ்க்

கோட்டைமேட்டு ரசாக் பாய் முப்பது வருஷமாக ஊரார் காலுக்கெல்லாம் குனிந்து செருப்பு மாட்டிவிட்டவர். அதில் இடுப்பு டிஸ்க் ஒன்று தேய்ந்துபோக, அந்த இடத்தில் செயற்கை டிஸ்க் வைத்தார்கள். மூன்று மாதம் குனியவே கூடாது என்று டாக்டர் கடிதமும் கொடுத்தார். அதற்குள் செருப்புக்கடை உரிமம் முடிகிற நாள் வந்துவிட்டது. புதுப்பிக்காவிட்டால் கடைக்குச் சீல் வைத்துவிடுவார்கள்.

உரிம அலுவலகத்தின் கவுண்டர் ஜன்னல், பொதுமக்கள் பணிவுடன் அணுகும் பொருட்டு இடுப்பு உயரத்தில் அமைக்கப்பட்டிருந்தது. பாய் நின்றபடியே மனுவை உள்ளே விட்டார். கண்காணிப்பாளர் லட்சுமணசாமிக்குத் தெரிந்தது மூன்று சட்டைப் பொத்தான்கள்தான்.

"போட்டோவுல மொகம் இருக்குதுங்க. வந்திருக்கறது வயிறுங்க. ஒத்துப்போகலீங்களே" என்றார்.

"குனியக் கூடாதுங்க சார். டாக்டர் லெட்டரு வெச்சிருக்கறேனுங்க."

லட்சுமணசாமி படித்தார். இந்த டிஸ்க் பழையதைப்போல அதிர்ச்சியைத் தாங்காது, அதிகம் குனிந்தால் பாரத்தை அக்கம்பக்கத்து மூட்டுகளின்மேல் தள்ளிவிடும் என்று இருந்தது.

"தன்மேல வர்ற பாரத்தப் பக்கத்து செக்சனுக்குத் தள்ளுதுங்களா? அப்ப நல்லாத்தான் வேலை செய்யுது. தாராளமாக் குனியுங்க."

"குனியறதுல இருந்து விலக்குக் குடுங்க சார்."

"அதுக்குத் தனி மனுங்க. இதே ஜன்னல்ல குனிஞ்சு குடுக்கோணும்."

பாய்க்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் நகரவில்லை. அவர் வயிறு ஜன்னலை அடைத்துக்கொண்டு நின்றதால் அலுவலகத்துக்குள் காற்று வரவில்லை. எனவே கோப்பு அன்றைக்கே மேலிடம் போனது. மனுதாரரின் முதுகை மாற்ற இயலாத நிலையில் ஜன்னலை மாற்றலாம் என்றும், அதுவரை சீல் வைக்க வேண்டாம் என்றும் உத்தரவு வந்தது.

பத்தாம் நாள் ஜன்னலை முக உயரத்துக்கு ஏற்றி, மாலை போட்டுத் திறந்துவைத்தார்கள். லட்சுமணசாமிக்கும் உயரமான நாற்காலி வந்தது. ஏறி உட்கார்ந்து வெளியே பார்த்தார். ரசாக் பாயின் முகம் மட்டுமே தெரிந்தது. இரண்டே நிமிஷத்தில் உரிமத்தைக் கொடுத்துவிட்டு, 'வேறு பொதுமக்கள் வருகை இல்லை' என்று பதிவேட்டில் எழுதினார்.

ஜன்னலுக்குக் கீழே நாற்பது பேர் வழக்கம்போலக் குனிந்து, வெறும் சுவரிடம் மனுவை நீட்டிக்கொண்டிருந்தார்கள்.

காரமடையில் இருந்து வந்திருந்த கருப்பாத்தாள் கழுத்தை மட்டும் திருப்பினாள். "ஏனுங்க பாய், உங்களுக்கு மட்டும் எப்படீங்க ஒடனே குடுத்தாங்க?"

"நிமிந்து நின்னேனுங்க அம்மணி. அவ்வளவுதான்."

வரிசையில் ஒருவரும் அதை நம்பவில்லை.

"அதெல்லாம் இருக்கட்டுங்க" என்றாள் கருப்பாத்தாள். "அந்த டிஸ்க்கு எந்த ஆஸ்பத்திரில வெக்கறாங்க?"

பாய் சொன்னார். நாற்பது பேரும் குனிந்தபடியே குறித்துக்கொண்டார்கள்.