காந்திமதிகளை அழித்தவன்

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். தொண்ணூறுகளின் நடுவில் ஒரு புதன்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, பதினெட்டுக் காந்திமதிகளை நான் அழித்தேன். போலீஸ் கேஸ் ஆகவில்லை. ஆகியிருந்தாலும் எந்தக் காந்திமதியை என்று எழுதத் தெரியாமல் ஏட்டையாதான் குழம்பியிருப்பார்.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. பாளையங்கோட்டையில் ஆறு மாதக் கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்துவிட்டு, சட்டைப்பையில் ஒரு பிளாப்பியை வெளியே தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு திரிந்தேன். (அதில் ஒன்றும் கிடையாது.) தாமிரபரணிக் கரையில் நான் படித்த பழைய கல்லூரியே எனக்குத் தற்காலிக வேலை கொடுத்தது. கல்லூரியின் பெயர் வேண்டாம். அந்தக் காந்திமதிகளில் பலர் இன்னும் இந்தப் பக்கம்தான் இருக்கிறார்கள். ஆதிநாள் முதல் அங்கே சேர்ந்தவர்களின் சேர்க்கைப் பதிவேடுகளை எல்லாம் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் பதிவேடுகளைக் கழித்துவிட்டு ஆவண அறையைக் காலி செய்ய வேண்டும். அதுதான் வேலை.

அந்த அறைக்குப் பொறுப்பு ஜமீலா அக்கா. மேலப்பாளையத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். எந்த வருஷத்தைக் கேட்டாலும் எழுந்து போய், தேடாமல் ஒரு பதிவேட்டுக் கட்டை உருவிக்கொண்டு வருவார். அது சரியான கட்டாகவே இருக்கும். நான் அதை அதிர்ஷ்டம் என்று நினைத்தேன். இப்படி அதிர்ஷ்டத்தை நம்பி ஒரு கல்லூரி எத்தனை நாள் நடக்கும் என்று உண்மையிலேயே கவலைப்பட்டேன்.

பதிவேடுகள் ஒவ்வொன்றும் சிவப்புத் துணியில் கட்டப்பட்டு, துணியின் மேல் வருஷமும் பாடமும் எழுதிய அட்டை தைத்திருக்கும். உள்ளே ஏற்றி முடித்த கட்டுகளின் துணியை எல்லாம் நான் அவிழ்த்துவிட்டேன். கம்ப்யூட்டருக்குத் தூசி ஆகாது என்று கோர்ஸில் முதல் நாளே சொல்லியிருந்தார்கள். அட்டைகளைப் பிய்த்துக் குப்பையில் போட்டுவிட்டு, துணிகளைத் தையல்காரரிடம் கொடுத்து மானிட்டருக்கு ஒன்று, பிரிண்டருக்கு ஒன்று, கீபோர்டுக்கு ஒன்று, மவுசுக்கும் குட்டியாய் ஒன்று என்று உறை தைத்து வாங்கினேன். செருப்பை வெளியே விட்டுவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்பது வேறு. சாமியாடி வீட்டுக்குள் நுழைந்த மாதிரி இருக்கும். முதல்வரே ஷூவைக் கழற்றிவிட்டு, காலுறையோடு பயபக்தியாய் நின்று பார்த்துவிட்டுப் போவார்.

அந்தப் புதன்கிழமை கம்ப்யூட்டர் 'இடம் இல்லை' என்றது. மறுநாள் முதல்வரிடம் முழுப் பட்டியலைக் காட்ட வேண்டும். வேர்த்து வழிய, பட்டியலை அகர வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். எஸ். காந்திமதி என்ற பெயர் வரிசையாய்ப் பத்தொன்பது தடவை இருந்தது.

திருநெல்வேலியில் இது ஒரு அதிசயமா? அம்மன் பெயர் காந்திமதி, சாமி பெயர் நெல்லையப்பர். வீட்டுக்கு ஒரு காந்திமதி, தெருவுக்கு நாலு நெல்லையப்பன். என் பெயரே நெல்லையப்பன்தான். என் வகுப்பில் நாலு பேர் இருந்ததால் மூன்று வருஷமும் 'மூணாவது நெல்லையப்பன்' என்று கூப்பிட்டால்தான் எழுந்து நின்றேன். அப்படிப்பட்ட நான் என்ன நினைத்தேன் தெரியுமா? ஒரே பெண் பத்தொன்பது தடவை சேர்ந்திருக்கிறாள் என்று நினைத்தேன். வருஷமும் பாடமும் வேறு வேறாக இருந்தது கண்ணில் படாமல் இல்லை. பாவம், படிப்பு ஏறாமல் பாடத்தை மாற்றி மாற்றிப் பார்த்திருக்கிறாள் என்று ஒரு நிமிஷம் வருத்தம்கூடப் பட்டேன்.

பிறகு கோர்ஸில் கற்ற ஒரு கட்டளையைத் தட்டினேன். ஒரே பெயர் பல தடவை வந்தால் முதலாவதை வைத்துக்கொண்டு மிச்சத்தை அழித்துவிடும். கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் உறுமியது. பட்டியல் பாதிக்குப் பாதி ஆனது. நகல் எடுக்க மறக்கவில்லை. அந்தப் பாதியைத்தான் பிளாப்பியில் நகல் எடுத்து வைத்தேன்.

வியாழக்கிழமை முதல்வருக்குப் பரம சந்தோஷம். இத்தனை வருஷத்துப் பிள்ளைகளும் இந்தப் பெட்டிக்குள்ளா என்று கேட்டார். இன்னும் இடம் இருக்கிறது சார் என்றேன். அன்றைக்கே பதிவேடுகளைச் சாக்குகளில் கட்டி சைக்கிள் ஷெட்டில் போட்டார்கள். சனிக்கிழமை மத்தியானம் காகித ஆலைக்கு லாரி வரும் என்று ஏற்பாடு.

வெள்ளிக்கிழமை பழைய மாணவர்களுக்குச் சான்று கொடுக்கிற நாள். காலையில் சேரன்மகாதேவியிலிருந்து எஸ். காந்திமதி வந்தார். பள்ளிக்கூடத்தில் தமிழ் ஆசிரியை வேலை கிடைக்கிற நிலைமை. திங்கட்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. அவருடைய மாற்றுச் சான்றிதழைக் கரையான் அரித்துவிட்டது. இங்கே படித்ததற்கான அத்தாட்சி கையில் இல்லாவிட்டால் வேலை பட்டியலில் அடுத்த ஆளுக்குப் போய்விடும். இதை அவர் மூச்சு விடாமல் சொல்லி முடிக்குமுன் நான் சான்றை அச்சடித்து, கோயிலில் திருநீறு கொடுக்கிற தோரணையில் நீட்டினேன்.

அவர் படித்தார். மறுபடியும் படித்தார்.

"சார், நான் தமிழு. இதுல தாவரவியல்னு போட்டிருக்கு. இந்த வருசம் எங்கம்மைக்கே கல்யாணம் ஆவலியே."

கம்ப்யூட்டர் தப்புப் பண்ணாது என்று சொல்லி இன்னொரு தடவை அச்சடித்தேன். மறுபடியும் தாவரவியல். அதற்குள் இரண்டாவது எஸ். காந்திமதி வந்தார், வணிகவியல். அவருக்கும் தாவரவியல் வந்தது. மூன்றாவது ஆளுக்கும் அதே. எனக்குப் பிரிண்டர் மேல்தான் சந்தேகம். உறையைக் கழற்றி, துடைத்து, மறுபடி போட்டேன். ஒன்றும் புரியாமல் வராந்தாவுக்கு வந்து, அடுத்த ஆளாவது வேறு பெயராய் இருக்கட்டும் என்று வேண்டிக்கொண்டு, கொடுத்திருந்த மனுவைப் பார்த்து "எஸ். காந்திமதி" என்று கூப்பிட்டேன். ஐந்து பேர் எழுந்தார்கள்.

(என்னைப் பழிவாங்க ஜமீலா அக்கா ஆள் ஏற்பாடு பண்ணியிருக்கிறார் என்றுதான் அந்த நிமிஷம் நம்பினேன்.)

சத்தம் கேட்டு ஜமீலா அக்கா வந்தார். திரையைக் கொஞ்ச நேரம் பார்த்தார். என் பெயரைத் தட்டச் சொன்னார். தட்டினேன். ஒரே ஒரு எஸ். நெல்லையப்பன் வந்தான், பொருளாதாரம், நான் பிறப்பதற்கு முந்தின வருஷம்.

"அப்போ நீங்க இங்கன படிக்கவே இல்ல போலுக்கே, தம்பி," என்றார் அக்கா. "பொறவு எதை நம்பி ஒங்களுக்கு வேலை தந்தாவ?"

அப்போதுதான் எனக்கு விளங்கியது. சேரன்மகாதேவிப் பெண்ணின் வேலையை நான் புதன்கிழமையே அழித்துவிட்டேன்.

மற்றக் காந்திமதிகளை அடுத்த வாரம் வரச் சொல்லிவிட்டு, சேரன்மகாதேவிக்காரரோடு நானும் அக்காவும் சைக்கிள் ஷெட்டுக்கு ஓடினோம். சாக்குகளைப் பிரித்தால் எல்லாப் பதிவேடும் ஒன்றுபோல் இருந்தது. துணியும் இல்லை, அட்டையும் இல்லை. துணியை அவிழ்த்தது யார் என்று காந்திமதி கேட்டார். ஜமீலா அக்கா என்னைப் பார்த்தார். அன்று சாயங்காலம் வரை புரட்டியும் கிடைக்கவில்லை. மறுநாள் காலையில் மறுபடி ஆரம்பித்தோம். அக்கா கையெழுத்தை வைத்து ஒதுக்கிக்கொண்டே போனார்: இது கூன் விழுந்த எழுத்து, பழைய ஹெட்கிளார்க், இது பச்சை மை, அவருக்கு அடுத்தவர், இவர் எல்லா எழுத்துக்கும் வால் வைப்பார், இவர் காலத்திலிருந்து இன்னும் பத்து வருஷம் இந்தப் பக்கம் வர வேண்டும். நான் செய்ததெல்லாம் தும்மியதுதான்.

பன்னிரண்டு மணிக்கு லாரி வந்துவிட்டது. முதல்வர் ஊரில் இல்லை. சாக்கைத் தூக்க வந்த டிரைவரிடம் நான் கம்ப்யூட்டர், கட்டளை, அகர வரிசை என்று என்னவோ விளக்கினேன். அவர் பொறுமையாய்க் கேட்டுவிட்டு ஒரு சாக்கைத் தூக்கினார். காந்திமதி போய் மிச்சச் சாக்குகளின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டார்.

"அண்ணாச்சி, இதுக்குள்ளதான் நான் இருக்கேன். ஏத்துறதா இருந்தா என்னையும் சேத்து ஏத்துங்க."

டிரைவர் அவரைப் பார்த்தார், சாக்கைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு தூக்கியதை இறக்கி வைத்துவிட்டு டீக்கடைக்குப் போனார்.

மூன்று மணி வாக்கில் அந்தப் பதிவேடு கிடைத்தது. பி.ஏ. தமிழ், எஸ். காந்திமதி, சேரன்மகாதேவி. அவருடைய கையெழுத்தில் பேனா கசிந்து ஒரு கறை. பக்கத்தில், பெற்றோர் கையொப்பம் என்ற கட்டத்தில், நீல மையில் ஒரு கட்டைவிரல் ரேகை.

நான் உடனே சான்று எழுத வேண்டும் என்று பதிவேட்டை வாங்கக் கை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை. அந்த ரேகை மேல் விரலை வைத்துக்கொண்டிருந்தார்.

"எங்கப்பா," என்றார். "அவியளுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. வெக்கப்பட்டுக்கிட்டே வச்சாவ. இப்ப அவிய இல்ல."

அந்தக் கட்டத்துக்கு நான் கம்ப்யூட்டரில் என்ன ஏற்றியிருந்தேன் என்பது எனக்கு ஞாபகம் இருந்தது. கையொப்பம்: ஆம். அவ்வளவுதான். அழிக்காமல் இருந்திருந்தாலும் அதற்கு மேல் அந்தப் பெட்டியில் ஒன்றும் இருந்திருக்காது. எனக்கு ரொம்ப வெட்கமாக இருந்தது. ஜமீலா அக்கா சான்றைக் கையாலேயே எழுதி, துணை முதல்வர் வீட்டுக்கே போய்க் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். காந்திமதிக்கு வேலை கிடைத்தது.

லாரி காலியாகத் திரும்பியது. திங்கட்கிழமை முதல்வர் ஷூவோடு உள்ளே வந்தார். பதிவேடுகள் அறைக்குத் திரும்பின. நான் ஒரு வருஷம் உட்கார்ந்து, பக்கத்தில் பதிவேட்டை விரித்து வைத்துக்கொண்டு, முதலிலிருந்து ஏற்றினேன். உறைகளையெல்லாம் பிரித்துக் கட்டுகளுக்கே திருப்பித் தந்தேன். மவுசு உறையை மட்டும் அக்கா வேண்டாம் என்றுவிட்டார்.

இந்தக் கதையை ஜமீலா அக்கா எங்கள் அம்மாவிடம் ஒரு வரி விடாமல் சொல்லிவிட்டார். அடுத்த வருஷம் என் தங்கைக்கு இரட்டைப் பெண் குழந்தைகள் பிறந்தன. அச்சில் வார்த்த மாதிரி இரண்டும் ஒரே முகம். ஆசையாய்ப் பார்க்கப் போனேன். அறை வாசலில் என் தலை தெரிந்ததுமே அம்மா பதறி, "ஏட்டி, ஒண்ணைச் சேலைக்குள்ள மறை. அண்ணன் வாரான், ரெண்டாவதை அழிச்சிருவான்," என்றாள். பிரசவ வார்டே சிரித்தது.

அந்தப் பெண்கள் இரண்டு பேரும் இப்போது வேலைக்குப் போகிறார்கள். இன்றைக்கும் என் வீட்டுக்குள் சேர்ந்து நுழைவதில்லை. ஒருத்தி வந்து நாற்காலியில் உட்கார்ந்து காபி வாங்கிக் குடிக்கத் தொடங்கிய பிறகு, மற்றவள் வாசலில் நின்று குரல் கொடுப்பாள்:

"மாமா, நான் வேற ஆளு. உள்ள வரலாமா?"