மெர்லை யாரும் விடுவிக்கவில்லை

அன்பும் பொறுமையும் நிறைந்த தங்கை ஆர்லீனுக்கு,

அண்ணன் வென்டெல் எழுதுவது. இங்கே நானும் நாயும் நலம். அரிசோனாவில் நீயும் மகளும் அவள் பெற்ற புதுக் குழந்தையும் நலமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். உன் வீட்டுக்காரர் மெர்ல் நலமா என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. படித்துவிட்டு நீயே சொல். போனில் சொன்னால் குடித்திருக்கிறேன் என்பாய், அதனால்தான் எழுதுகிறேன்.

போன சனிக்கிழமை அவரை ஃபோர்ட் டெவ்லினுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். நீ மகள் ஊருக்குப் போனதிலிருந்து மனுஷன் என் வீட்டில் சோபாவோடு சோபாவாகக் கிடந்தார். பழைய ராணுவக் கோட்டை, இப்போது மாநிலப் பூங்கா, காற்றாட நடக்கட்டுமே என்று நல்லெண்ணத்தில்தான் செய்தேன். வார இறுதியில் அங்கே தொண்டர்கள் பழைய நீலச் சீருடையை மாட்டிக்கொண்டு சிப்பாய்களாக நடிப்பார்களே, உனக்குத் தெரியும்தானே. சிப்பாய்கள் தங்கின கட்டடத்தின் வாசலில், குதிரை வாடையடிக்கும் ஒரு மீசைக்கார சார்ஜென்ட் எங்களை மடக்கினார். கையைத் தூக்கு, உறுதிமொழி எடு, இன்று முதல் நீ பட்டாளத்து ஆள் என்றார். நான் முழங்கால் வலியைச் சாக்கு வைத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன், மெர்ல் கையைத் தூக்கினார். மாலையில் கொடியை இறக்கி, பீரங்கியை ஒருமுறை வெடித்து, சேர்ந்தவர்களை வரிசையில் நிறுத்தி, "விடுவித்தேன்" என்று சார்ஜென்ட் சொல்வது அங்கே வழக்கம். அதைக் கேட்ட பிறகுதான் எல்லோரும் காருக்குப் போவார்கள். ஆனால் அன்றைக்கு நம் நெப்ராஸ்கா அணியின் ஃபுட்பால் ஆட்டம் டிவியில் இருந்தது. தொடக்கம் தவறிவிடும் என்று அவரைக் கொடிமரத்தடியிலிருந்து இழுத்து வந்து காரில் போட்டேன். இந்த மாநிலத்தில் பிறந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான். வழியெல்லாம் அவர், "என்னை இன்னும் விடல மச்சான்" என்று முணுமுணுத்தார். நான் ரேடியோவைச் சத்தமாக வைத்தேன். ஆட்டத்திலும் தோற்றோம்.

மறுநாளிலிருந்து உன் கணவர் விடியுமுன் எழுந்து படுக்கையைச் சுருக்கமில்லாமல் விரித்து வைக்கிறார். இத்தனை வருடக் குடித்தனத்தில் உனக்குக் கிடைக்காத காட்சி, கூப்பிட்டு வாழ்த்துச் சொல்லலாமா என்றுகூட நினைத்தேன். சாப்பிட உட்கார என்னிடம் அனுமதி கேட்கிறார். நான் பாடுபட்டுச் செய்த மாட்டிறைச்சிக் குழம்பைத் தொடாமல், பீன்ஸும் காய்ந்த ரொட்டியும் தின்கிறார். பிறகு என் மண்வெட்டியைத் துப்பாக்கிபோல் தோளில் சாத்திக்கொண்டு கொட்டகையின் மேற்குப் பக்கம் போய்க் காவலுக்கு நின்றுவிடுகிறார். பக்கத்து வீட்டு லூயிஸ், உங்கள் மாப்பிள்ளை வாடகைக்குக் கிடைப்பாரா என்று முதலில் கிண்டலடித்தாள். இப்போது அவள் அந்தப் பக்கத்து ஜன்னலைத் திறப்பதே இல்லை. ஏனென்றால் அவர் அங்கே யாருடனோ பேசுகிறார், ஆர்லீன். தனக்குத்தானே பேசினால் வயசு என்று விட்டுவிடலாம். இவர் கேள்வி கேட்டுவிட்டு, பதில் முடியும்வரை காத்திருக்கிறார். ஒருமுறை பதிலைக் கேட்டுச் சிரித்தார். யார் அது என்று கேட்டேன்.

"எனக்கப்புறம் நிக்கப் போறவன்," என்றார். "பாவம், அவனுக்குத் தாடை இல்ல. அதான் மெதுவாப் பேசறான்."

நான் காரை எடுத்துக்கொண்டு கோட்டைக்கே ஓடினேன். பூங்கா அலுவலகத்தில் மிஸ் ஹாலோரன் என்ற பெண் சிரித்துக்கொண்டே கேட்டாள், பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டாள். பெரியவர்களை அவர்கள் பட்டாளத்தில் சேர்ப்பதே இல்லையாம், அது பிள்ளைகளுக்கான விளையாட்டாம். அவர்களுடைய சார்ஜென்ட், மீசையே இல்லாத பல் டாக்டர் ஸ்டாங்க், அன்று முழுக்கப் பீரங்கிப் பக்கம்தான் இருந்தாராம். டாக்டர் தங்கமான மனுஷன். கூப்பிட்டதும், யாருடைய வாயைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்தாரோ, சீருடையோடு என் வீட்டு வாசலில் நின்று முறைப்படி விடுவித்தார். மெர்ல் விறைப்பாக நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"மன்னிக்கணும் சார். நீங்க என் சார்ஜென்ட் இல்ல."

டாக்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, கொட்டகைப் பக்கம் பார்க்காமல் காரில் ஏறிப் போய்விட்டார்.

அடுத்த வெள்ளிக்கிழமை படை கிளம்புகிறதாம். எங்கே என்று மெர்லுக்குத் தெரியாது, திரும்புவதைப் பற்றி யாரும் பேசவில்லை என்கிறார். உன் பேரைச் சொன்னேன். கொஞ்ச நேரம் யோசித்து, "நல்ல பேரு," என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது. விமான நிலையத்தில் என் காலரைச் சரிசெய்தபடி, அவரைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்றாயே, அந்த ஒரு வேலையைக்கூட நான் ஒழுங்காகச் செய்யவில்லை. குழந்தையை மகளிடம் கொடுத்துவிட்டு உடனே புறப்பட்டு வா. உன்னைப் பார்த்தால் அவர் போகமாட்டார் என்று நம்புகிறேன்.

மகளுக்கு ஆசிகள், குழந்தைக்கு முத்தங்கள். கர்த்தர் உங்கள் எல்லோரையும் தம் கைக்குள் வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அண்ணன் வென்டெல்

பி.கு.: அவசரப்பட்டு வர வேண்டாம். தபாலில் சேர்க்குமுன் வேறு வழியே இல்லையா என்று மெர்லிடம் கேட்டுப் பார்த்தேன். ஒருவனுக்குப் பதிலாக இன்னொருவன் மனதாரச் சேர்ந்தால் முதலாமவனை விட்டுவிடுவார்களாம், அந்தக் காலத்துப் பட்டாளத்தில் அது சகஜமாம். நேற்று கொட்டகைக்குப் பின்னால் போய்க் கையைத் தூக்கினேன். இன்று மெர்ல் வெயில் ஏறும்வரை குறட்டை விட்டார். எழுந்து வந்து, காபியா இது கழனித் தண்ணியா என்று என்னைத் திட்டினார். "என் பொண்டாட்டி எப்ப வர்றா?" என்று கேட்டார். ஆகவே கவலைப்படாதே. உறையின் மேல் எழுத உன் பேரைக் கடிதத்தின் முதல் வரியைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.