இடப்பக்கம் நடக்கும் காவலாளி

வீடியோ கேம் கன்ட்ரோலரை மேசைமேல் வைத்துவிட்டு ரபாப் இரண்டு கைகளையும் தூக்கினாள், யாரோ துப்பாக்கியை நீட்டிவிட்டதைப்போல. திரையிலிருந்த காவலாளி அதைச் சட்டை செய்யவில்லை. பாழடைந்த ஹோட்டலின் நடைகூடத்தில் லாந்தரைப் பிடித்தபடி இடப்பக்கமாக ஓரடி வைத்தான். நின்றான். யோசித்தவன்போல இன்னோர் அடி வைத்தான்.

"பாத்தியாம்மா? நான் தொடவே இல்ல."

அம்மா சனிய்யா முட்டைக்கோஸ் இலையில் அரிசியை வைத்துச் சுருட்டிக்கொண்டிருந்தாள். "அவனுக்கு அந்தப் பக்கம் ஏதாவது வேலை இருக்கும். போகட்டும் விடேன்."

"அவன் போனா எனக்கு வரப்போற வேலை போயிடும்."

பொய்யில்லை. அந்தக் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் ரபாப். மின்னணுப் பொறியியல் படித்தாள். படிப்பு அவளுக்கு வாங்கித் தந்தது, ஒரு தொலைபேசி நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் ஒரு நாளைக்குத் தொண்ணூறு முறை "மன்னிக்கவும்" சொல்லும் உத்தியோகம். வீட்டுக்கு வந்த பிறகு அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை. 'தாட்சண்யம் இல்லை' என்று, கம்ப்யூட்டர் விளையாட்டுகளை விமர்சிக்கும் ஓர் இணையப் பக்கம் வைத்திருந்தாள். பெரிய கம்பெனி விளையாட்டுகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்த அறைகள், இரண்டு பேர் சமையலறையில் உட்கார்ந்து செய்த விளையாட்டில்தான் ஒரு கதவைத் திறக்கும்போது நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்று எழுதுவாள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தில் ஓடாத கன்ட்ரோலரைச் செய்பவன், சாவியைத் தானே வைத்துக்கொண்டு வீட்டை விற்பவன் என்பாள். யாரோ ஆபீசில் கழித்துப்போட்ட மடிக்கணினி அவளுடையது. அதில் லினக்ஸ் ஒன்றுதான் மூச்சு வாங்காமல் ஓடியது. முதலில் வேறு வழியில்லாமல் அதை வைத்துக்கொண்டாள். பிறகு வீம்புக்கு.

அந்த வீம்பை துபாயில் ஒரு பத்திரிகை கவனித்திருந்தது. இதே ஊரில், ஸ்மூஹா பேட்டையில், தன் வீட்டுக் கார் கொட்டகையில், பிஷோய் என்ற ஒருவன் லினக்ஸுக்கென்றே கையால் கன்ட்ரோலர் செய்கிறான். ஞாயிறு மாலைக்குள் அதைப்பற்றி உன் தீர்ப்பை அனுப்பு, சரியாக இருந்தால் எங்கள் விமர்சகர் வேலை உனக்கு, என்று எழுதியிருந்தார்கள்.

இப்போது வியாழன் மதியம். பிஷோயின் கன்ட்ரோலருக்கு இழுப்பு நோய். கையை எடுத்தாலும் கன்ட்ரோலரின் குச்சி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டே இருப்பதை விளையாடுகிறவர்கள் அப்படித்தான் சொல்வார்கள்.

சின்ன அசைவுகளைக் கண்டுகொள்ளாதே என்று அமைப்பை மாற்றினாள். காவலாளி கல்லாக நின்றான். ரபாப் நிம்மதியாகச் சாப்பிட்டுத் தூங்கினாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தெருவே மதியத் தூக்கத்தில் கிடந்தபோது, அவன் மறுபடி கிளம்பினான். இந்தமுறை அடிக்கொருதரம் நிற்கவில்லை.

பிஷோயின் கன்ட்ரோலரைப் பிடுங்கிவிட்டு, தன் பழைய கன்ட்ரோலரைச் செருகினாள். அதிலும் நடந்தான். வேறு விளையாட்டைத் திறந்தாள். தக்காளி பயிரிட வேண்டிய விவசாயி மண்வெட்டியை வைத்துக்கொண்டு இடப்பக்க வேலியை முட்டிக்கொண்டிருந்தான். இன்னொன்றில் ஒரு மீன். அதுவும் இடப்பக்கம். எல்லோரையும் ஒரே குரல் கூப்பிட்டதைப்போல.

"கேடுகெட்டவன், அவனோட கன்ட்ரோலர் என் மெஷினுக்குள்ளயே நோயைப் பரப்பிடுச்சு!" என்று கத்தினாள்.

"கத்தாதடி. மேல கத்துறது போதாதா?"

மேலே பதின்மூன்றாவது மாடி ஏறிக்கொண்டிருந்தது. சிமென்ட் மூட்டைகள் தொப்பு தொப்பென்று விழுந்தன. வீட்டுக்காரர் ஹாஜி மித்வல்லி வாங்கிய அனுமதி ஆறு மாடிக்கு. ரபாப் குடியிருந்தது ஏழாவதில். சட்டப்படி பார்த்தால் அவர்கள் காற்றில் குடியிருந்தார்கள். வருஷத்துக்கு ஒருமுறை நகராட்சி ஆள் வருவார், ஹாஜியின் வீட்டில் தேநீர் குடிப்பார், ஆறுவரை எண்ணிவிட்டுப் போவார்.

திரையில் வெயில் அடித்ததால் ரபாப் மேசையை அப்படியே எதிர்ப்பக்கம் திருப்பிப் போட்டாள். உட்கார்ந்து காவலாளியைப் பார்த்தாள். அவன் வலப்பக்கமாக நடந்தான்.

சரியாகிவிட்டதோ என்று ஒரு நொடி நினைத்தாள். அப்புறம்தான் தலையைத் தூக்கி வெளியே பார்த்தாள். முன்பு அவளுக்கு இடப்பக்கம் இருந்தது பால்கனி. இப்போது வலப்பக்கம் இருப்பதும் பால்கனி. திரைக்குள் இருக்கிறவனுக்கு வெளியே பால்கனி எங்கே இருக்கிறதென்று எப்படித் தெரியும்?

அம்மாவிடம் சொன்னதுதான் தப்பாகப் போயிற்று. சனிய்யா முகம் வெளுத்துப்போய்க் கிசுகிசுத்தாள். "நான் சொல்லல? செவ்வாய்க்கிழமையிலேருந்து படுக்கையறைக் கதவு தானா தெறந்துக்குது. நேத்து தட்டுல வச்ச தக்காளி உருண்டு பால்கனிக்குப் போச்சு. எவனோ அங்க நின்னு கூப்புடுறான்டி."

"தக்காளியையா?"

"சிரி, சிரி. படிச்சவ இல்லையா நீ."

சனிய்யா சாம்பிராணி போட்டாள். உப்புத் தண்ணீரை ஓதி நான்கு மூலையிலும் தெளித்தாள். ஐந்தாவது மூலையாக விசைப்பலகை அமைந்தது. அதன்பிறகு மூன்று எழுத்துகள் வேலை செய்யவில்லை. காவலாளி மட்டும் நன்றாக வேலை செய்தான். சனிக்கிழமை காலை அவன் நடக்கவில்லை, ஓடினான்.

ரபாபுக்குப் பயம் வந்தால் கோபமாகத்தான் வெளியே வரும். இருந்த எழுத்துகளை வைத்துத் தீர்ப்பை எழுதினாள். 'இது கன்ட்ரோலர் இல்லை, பேய் பிடித்த கைப்பிடி. செய்தவனுக்குக் குச்சியை நிறுத்தவும் தெரியவில்லை, கூச்சப்படவும் தெரியவில்லை.' துபாய்க்கு அனுப்பினாள், தன் பக்கத்திலும் போட்டாள். மதியத்துக்குள் பிஷோயிடம் கன்ட்ரோலர் வாங்கப் பதிவு செய்திருந்த பாதிப்பேர் விலகிக்கொண்டார்கள்.

வெற்றிப் பெருமூச்சோடு இரண்டு கன்ட்ரோலர்களையும் பிடுங்கித் துண்டில் சுற்றி அலமாரிக்குள் போட்டுப் பூட்டினாள். திரும்பிப் பார்த்தாள்.

மடிக்கணினியில் எதுவுமே செருகியிருக்கவில்லை. காவலாளி ஓடிக்கொண்டிருந்தான்.

ஆக, அவள் எழுதியது பொய். தாட்சண்யம் இல்லாத பொய்.

ஞாயிறு மதியம் கதவு தட்டப்பட்டது. தோள்பையும் வியர்வையுமாக ஒருவன் நின்றான்.

"தாட்சண்யம் இல்லாத மேடம் வீடு இதுதானே? நான் கூச்சம் தெரியாத பிஷோய்." மூச்சு வாங்கினான். "உங்க லிஃப்ட் மூணாவது மாடியில சுவத்தைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு நிக்குது. ஏழு மாடி ஏறி வந்திருக்கேன். எங்க என் பேயி?"

ரபாப் வாயைத் திறந்தாள். தொண்ணூறு முறை சொல்லும் வார்த்தை, வீட்டில் ஒருமுறைகூட வரவில்லை. திரையைக் காட்டினாள்.

"கன்ட்ரோலர் எங்க?"

"அலமாரிக்குள்ள. பூட்டி வச்சிருக்கேன்."

"அப்போ யாரு ஓட்டுறது இவன?"

"அதத்தான் எங்கம்மா சாம்பிராணி போட்டுக் கேட்டுக்கிட்டு இருக்காங்க."

பிஷோய் உட்கார்ந்து, கட்டளை கொடுக்கும் கறுப்புத் திரையைத் திறந்து, இரண்டு வரி தட்டினான். வந்த பதிலைப் படித்தான். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தான். மடிக்கணினியை இரண்டு கையாலும் தூக்கி ஒரு பக்கமாகச் சாய்த்தான். காவலாளி தலைதெறிக்க ஓடினான். மறுபக்கம் சாய்த்தான். அவனும் திரும்பி ஓடினான்.

"பழைய லேப்டாப்புல இப்படி ஒரு சில்லு இருக்கும் மேடம். கீழ விழப்போகுதுன்னா, சாய்வ வச்சு முன்கூட்டியே கண்டுபுடிச்சு, உள்ள இருக்கற டிஸ்க்கைக் காப்பாத்தும். லினக்ஸ் அதையும் ஒரு கன்ட்ரோலர்னு எடுத்துக்கிச்சு. அவ்வளவுதான் உங்க ஜின்னு, பேயி எல்லாம்."

"அப்போ மேசை கோணலா?"

"மேசை கோணல். தீர்ப்பும் கோணல்."

ரபாப் வாய்விட்டுச் சிரித்தாள். செய்தித்தாளை மடித்து மேசைக்காலுக்கு அடியில் கொடுத்தாள். காவலாளி ஒரு நிமிடம் நின்றான். மேலே ஒரு மூட்டை தொப்பென்று விழுந்தது. அவன் ஓரடி வைத்தான். மடிக்கணினியைத் தரையிலேயே வைத்துப் பார்த்தார்கள். பால்கனியைப் பார்த்து விடுவிடுவென்று போனான்.

"தரையும் கோணல்தான்," என்றான் பிஷோய். "அனுமதி இல்லாமக் கட்டினவன் மட்டம் பாத்தா கட்டியிருப்பான்?"

"ஆறு மாசமா இதே தரை. வியாழக்கிழமைதானே இவன் நடக்க ஆரம்பிச்சான்?"

"மேடம், முதல்ல திருத்தத்தை எழுதுங்க. சாயந்தரத்துக்குள்ள துபாய்க்காரன் அந்தத் தீர்ப்பைப் பத்திரிகையில போட்டுட்டான்னா, நான் கொட்டகையில காரைத்தான் நிறுத்தணும்."

சனிய்யா விருந்தாளிக்கு ஒரு தட்டு நிறைய முட்டைக்கோஸ் சுருள்களைக் கொண்டுவந்து வைத்தாள். ஜின் இல்லை என்றதும் அவளுக்கு வாய் திறந்துகொண்டது. "சாப்புடுப்பா. எதிர்க் கட்டடத்து அஃபாஃப் மேடத்துக்கும் இப்பத்தான் குடுத்தேன். முன்னல்லாம் பால்கனியிலேருந்து துடைப்பக்கட்டையில கூடையைக் கட்டி நீட்டணும். இந்த வாரம் கையாலயே குடுத்துட்டேன். அந்த மூட்டுவலித் தைலம் நல்லா வேலை செய்யுது, கை எவ்வளவு தூரம் எட்டுது தெரியுமா?"

யாரும் அதைக் காதில் வாங்கவில்லை. ரபாப் எழுதிக்கொண்டிருந்தாள். 'பிஷோயின் கன்ட்ரோலரில் எந்தக் குறையும் இல்லை. குறை என் வீட்டில். தவறாக எழுதிவிட்டேன், மன்னிக்கவும்.' கடைசி வார்த்தையில் ஓர் எழுத்து விழ மறுத்தது. அந்தச் சாவியை நகத்தால் நோண்டி, குத்தி, விழவைத்தாள். அனுப்பினாள். இரண்டே நிமிடத்தில் துபாயிலிருந்து பதில் வந்தது: 'தன் தவற்றைத் தானே போட்டு உடைக்கிற ஆள்தான் எங்களுக்கு வேண்டும். நாளையிலிருந்து நீ எங்கள் ஆள்.'

"அம்மா!" என்று கூவினாள். பிஷோய் கை தட்டினான். சனிய்யா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள். மேலே அடுத்தடுத்து இரண்டு மூட்டைகள் விழுந்தன. தரையிலிருந்த திரையில் காவலாளி நடைகூடத்தின் கடைசிச் சுவரில் முகத்தைப் பதித்து, லாந்தர் குலுங்க, ஓடிக்கொண்டே இருந்தான்.

படுக்கையறைக் கதவு மெல்லத் தானாகத் திறந்துகொண்டது.

திறந்திருந்த வீட்டு வாசலில், ஏழு மாடி ஏறி வந்த களைப்பில் சுவரைப் பிடித்துக்கொண்டு, கட்டடக் காவலாளி ஷெஹாத்தா நின்றிருந்தார்.

"என்ன மாமா, குலவைச் சத்தம் கேட்டு வந்தீங்களா?" என்றாள் ரபாப். "எனக்கு வேலை கெடச்சிருக்கு!"

"நல்லா இரும்மா. நான் வந்தது வேற விஷயம்," என்றார் ஷெஹாத்தா. "எதிர்க் கட்டடத்து அஃபாஃப் மேடத்தால ஜன்னல் கதவைத் தெறக்க முடியலையாம். உங்க பால்கனிய கொஞ்சம் பின்னால இழுத்துக்கச் சொல்றாங்க."