லிஃப்டில் ஒட்டிய தண்ணீர் நோட்டீஸ்

ஹெப்பகோடியில் நாற்பது வீடுகள் கொண்ட அந்த அடுக்ககத்தில், டேங்கர் தண்ணீர் எப்போது திறந்துவிடப்படும் என்பதை வாரந்தோறும் லிஃப்டில் நோட்டீஸ் ஒட்டி அறிவிப்பார்கள். ஒட்டுவது சங்கத்தின் கடமை. படிப்பது அவரவர் சமர்த்து. வெள்ளைத் தாளில், வெளிறிய சாம்பல் நிறத்தில், முடி இழை போன்ற எழுத்து. செயலாளர் ஹரிஷ்குமார் டிசைன் கம்பெனியில் வேலை பார்ப்பவர். இப்போது உலகமே இப்படித்தான் என்பது அவர் கட்சி. வாட்ஸ்அப் குரூப்பில் போடலாமே என்றால், அது குட்மார்னிங் படங்களுக்கு மட்டும் என்று விதி இருந்தது.

மூன்றாம் மாடி சீதாலட்சுமி வீட்டிலேயே இட்லி மாவு அரைத்து விற்பவள். மூன்று வாரமாக நேரம் தெரியாமல் தண்ணீரைக் கோட்டைவிட்டாள். வியாபாரம் படுத்துவிடும் என்று பயந்து சங்கத்துக்கு மனு கொடுத்தாள்.

மனு உரிய கவனத்துடன் பரிசீலிக்கப்பட்டு, எழுத்துருச் சீரமைப்புக் குழு அமைக்கப்பட்டது. கண்ணாடி போட்டவர், போடாதவர், போட மறந்தவர் என மூன்று பிரிவினரைக் குழு லிஃப்டில் ஏற்றி இறக்கிச் சோதித்தது. கடைசியில் தடித்த கறுப்பு எழுத்து, தாராளமான இடைவெளி என்று முடிவாயிற்று. பொதுக்குழுவில் சீதாலட்சுமிக்குச் சால்வை போர்த்தினார்கள். பாவம், அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு நாற்பது வீட்டுக் குழாய்களும் ஒன்றாகத் திறந்தன. ஆறு பத்துக்குத் தண்ணீர் நின்றது. அவள் டிரம்மில் கால்வாசிதான்.

"முன்னாடியெல்லாம் அரை மணி நேரம் வருமே சார்?"

"அப்போ கமிட்டிக்காரங்க நாலு வீடுதான் புடிச்சுக்கிட்டிருந்தோம். இப்போ எல்லாருக்கும் படிக்க வருதே மேடம். சொல்ப, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்குங்க" என்றார் ஹரிஷ்குமார்.

சீதாலட்சுமிக்கு விஷயம் புரிந்தது. பழைய எழுத்தே கண்ணுக்கு இதமாக இருந்தது, அதையே மீண்டும் கொண்டுவர வேண்டும் என்று பணிவுடன் இரண்டாவது மனுவை எழுதிச் சங்கத்தின் மனுப் பெட்டியில் போட்டாள். நேராக மெயின் ரோட்டுக் கடைக்குப் போய் ஒரு பூதக்கண்ணாடி கேட்டாள். ஸ்டாக் இல்லை, காலையிலிருந்து உங்கள் அடுக்ககத்து ஆட்கள்தான் வாங்கிப் போகிறார்கள் என்றார் கடைக்காரர்.

அவள் மூச்சிரைக்கத் திரும்பி ஓடிவந்து, மனுவை வாபஸ் வாங்க வேண்டும் என்றாள்.

"முப்பத்தாறு வீடும் ஒரே மாதிரி மனு கொடுத்திருக்காங்க. ஏகமனதா பாஸ் ஆயிடுச்சு" என்றார் ஹரிஷ்குமார். "வாபஸ் வாங்க ரூல்ஸ் இருக்கு மேடம். இப்பதான் லிஃப்ட்ல ஒட்டினேன், படிச்சுக்குங்க."