உன் அத்தானைத் தரையில் இருத்துவது குறித்து

அன்புள்ள தம்பிக்கு,

உன் அக்கா எழுதுவது. இங்கே இருவரும் நலம் என்று தொடங்குவதே மரியாதை. உன் அத்தானின் கணுக்காலில் கட்டுப் போட்டிருப்பதால், பாதி மரியாதையோடு தொடங்குகிறேன். அருங்காட்சியகத் தலைவரான உனக்கு ஓய்வு கிடையாது என்பதை அறிவேன். ஆயினும் முழுவதும் படி.

உங்கள் புதிய கூடத்தில் அந்தப் பல்லி போன்ற புதைபடிவ விலங்கை வெறுந்தரையில் ஊர்வதாக வைக்கப் போகிறீர்கள் என்ற செய்தி வந்த நாளிலிருந்து இந்த வீட்டில் நிம்மதி இல்லை. உலகத்து உயிர்களில் பெரும்பகுதி மாண்ட பேரழிவுக்குப் பின் காடுகள் தலையெடுக்க நெடுங்காலம் ஆயிற்று, ஆகவே அது ஏறுவதற்கு அப்போது மரமே இல்லை என்பது உன் கட்சி. அது மரமேறிதான், ஆகவே நாம் நினைப்பதற்கு வெகு முன்னரே காடு மீண்டுவிட்டது என்பது அவர் கட்சி. புதைபடிவ ஆய்வு வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பின் அவரைக் காலையில் படுக்கையை விட்டு எழுப்புவது அந்தக் கட்சி ஒன்றுதான். நீங்கள் இருவருமோ முகம் பார்த்துப் பேசுவதை நிறுத்திவிட்டீர்கள்.

சென்ற வாரம் அவர் பரணிலிருந்த இரும்புக் கொக்கிகளை எடுத்து, அந்த விலங்கின் நகம் எவ்வளவு வளைந்திருக்கிறதோ அவ்வளவு வளைத்து, தோல் கையுறையில் வைத்துத் தைத்து, முதலில் ஒப்பிட்டுப் பார்க்க நிமிர்த்திய கொக்கிகள் தைத்த வேறொரு கையுறையோடு கொல்லை மரத்தில் ஏறப் பார்த்து வழுக்கி உட்கார்ந்து, அதற்கே மகிழ்ந்து, பிறகு வளைந்த கொக்கிகளோடு விறுவிறுவென்று ஏறி, கவட்டை வரை போய், அங்கே கொக்கிகள் பட்டையில் இறங்கிக்கொண்டு வெளியே வராமல் தொங்கினார். பக்கத்து வீட்டு அம்மாள் மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள்.

"சார் மேல என்னம்மா பண்றாரு?"

"பல்லியா இருக்காரு" என்றேன்.

அவள் தீயணைப்பு நிலையத்துக்குச் சொல்லிவிட்டாள். ஏணியோடு வந்தவர், "பெரியவரே, கையுறைய விட்டுட்டுக் கைய மட்டும் உருவுங்க" என்று கெஞ்சினார்.

"அதெப்படிப்பா முடியும்? நகம் எவ்வளவு ஆழமா புடிச்சிருக்குன்னு அப்புறம் யாரு அளக்கறது? ஒரு ஸ்கேல் குடு!"

வந்தவர் என்னிடம் குரலைத் தாழ்த்தி, "வீட்ல ஏதாச்சும் சண்டையாம்மா?" என்றார்.

"என்னோட இல்லப்பா, என் தம்பியோட."

கடைசியில் பட்டையோடு பெயர்த்து இறக்கினார்கள். இறங்கும் உற்சாகத்தில் ஏணியின் கடைசிப் படியைக் கவனிக்காமல் தாண்டியதால்தான் இந்தக் கட்டு. கட்டுப் போட்ட மருத்துவரிடமும் நகத்தைப் பற்றியே பேசினார். கட்டுப் பிரித்ததும் கால் கொக்கிகளையும் சோதிக்க வேண்டுமாம்.

ஆகவே என் வேண்டுகோள். நீ சொன்னதே சரி, அவர் சொன்னது பிழை என்று ஈவிரக்கமின்றி அவருக்குக் கடைசியாக ஒரு கடிதம் எழுதிவிடு. சில நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார். பின்னர் தரையில் இருப்பார். எனக்கு உயிரோடிருக்கும் கணவர் போதும். சரியாக இருக்கும் கணவர் வேண்டாம்.

உன் மனைவிக்கு என் அன்பு. உனக்கு ஆசி, வழக்கம்போல் அளவோடு.

உன் அக்கா

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குமுன், நடுநிலை தவறக் கூடாதே என்று, அவர் மேசையில் இருக்கும் அந்த விலங்கின் பாதத்தின் பிளாஸ்டர் வார்ப்பை நானே உருப்பெருக்கியில் பார்த்தேன். படித்தது தாவரவியல்தான் என்றாலும் எலும்பை அளக்கத் தெரியும். நீங்கள் இருவரும் நகத்தின் வளைவைப் பிடித்துக்கொண்டே மல்லுக்கட்டியிருக்கிறீர்கள். நகத்தை அடுத்த விரலெலும்பைப் பார். அதற்கு முந்தைய எலும்பைவிட நீளம், எல்லா விரலிலும். கிளையைப் பற்றி ஏறும் பிராணிகளுக்குத்தான் இப்படி இருக்கும். தரையில் ஓடித் திரிந்த பிராணிக்கு இப்படியொரு விரல் எதற்கு? மேலே எழுதிய அனைத்தையும் கிழித்துப் போடு. நேரில் வந்து பார். கூடத்தில் ஒரு மரத்துக்கு இடம் விடு. அவரிடம் நான் எதுவும் சொல்லவில்லை. நான் சொன்னால், காலொடிந்தவருக்கு மனைவி காட்டும் கருணை என்று எடுத்துக்கொள்வார். இத்தனை ஆண்டுகள் மறுத்த உன் வாய் சொன்னால்தான் நம்புவார்.